ஆமைக்கறி: கடல் பாடத்தில் வந்த ஒரு பட்டப்பெயர் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

திருப்பூரின் விளிம்பில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. ஆறு முதல் எட்டு வரை எடுக்கிறேன். சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பு. 2024-25 கல்வியாண்டில் அந்த மன்றத்தில் நடந்த ஒன்றை முதலிலிருந்து எழுதி வைக்கிறேன். கடல் பாதுகாப்பைக் கையால் செய்து பார்க்கும் பாடமாக எடுக்க நினைக்கும் மற்ற ஆசிரியர்களுக்கு உதவலாம். யார் பெயரும் இதில் வராது.

எங்கள் பள்ளியில் பாதிப் பேர் உள்ளூர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்காக மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். லைன் வீடுகளில் குடியிருப்பார்கள். அப்பா கம்பெனி மாறினால் பிள்ளை பள்ளி மாறும். வாரத்துக்கு எத்தனை ஷிப்ட் என்பதுதான் வீட்டின் கணக்கு. பாம்பன் தீவிலிருந்து வந்த குடும்பம் ஒன்றும் இருந்தது. ஏழாவதில் அண்ணன், ஆறாவதில் தங்கை. அப்பா முன்பு விசைப்படகில் கூலிக்குப் போனவர், இங்கே காம்பாக்டிங் பட்டறையில், பின்னிய துணியை அழுத்திச் சீராக்கும் இடத்தில், வேலை. அம்மா செக்கிங், தைத்ததில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. கூடவே அப்பத்தா.

மன்றத்தில் 24 பேர். வருடத்துக்கு ஒரு பொருள் எடுப்போம். அந்த வருடம் கடல் என்று நான் சொன்னதும் தலைமையாசிரியர், "நம்மூருக்கும் கடலுக்கும் என்னங்க டீச்சர் சம்பந்தம்? மீனே ஐஸ் பெட்டியிலதான் வருது" என்றார். வெள்ளியங்கிரி மலையில் புறப்படும் நொய்யல் திருப்பூரைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது. காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. நம் தெருச் சாக்கடை கடைசியாகப் போய்ச் சேருமிடம் கடல்தான் என்றேன். சரி என்றார். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளை கிடைத்தது.

எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பதில்லை, எதையும் தொட்டுச் செய்து பார்த்துத்தான் படிப்பது என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை, ஆகஸ்ட்: கவனித்ததும் கவனிக்காததும்

முதல் வேலை, கடல் தண்ணீர் செய்வது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. நிறுத்துப் போட்டுக் கலக்கினோம். இதில் முட்டை மிதக்கும் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு விட்டேன். முட்டை நேராக அடியில் போய் உட்கார்ந்தது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உப்பைப் போட்டுக்கொண்டே போனோம். 100 கிராமைத் தாண்டிய பிறகுதான் முட்டை அசைந்து மேலே வந்தது. புது முட்டை கடல் நீரில் மிதக்காது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசி பெஞ்சில் அந்தப் பாம்பன் பையன், முட்டையைப் போடுவதற்கு முன்பே லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்தது வலை. ஜட்டி இடுப்புக்குத் தைக்கும் எலாஸ்டிக் துண்டுகள் எங்கள் ஊரில் குப்பையாகவே கிடக்கும். அதை வளையமாக முடிந்து சுண்டு விரலில் மாட்டி, புறங்கை வழியாக இழுத்துக் கட்டைவிரலில் மாட்டிவிட வேண்டும். அடுத்த கையையோ பல்லையோ மேசையையோ தொடாமல் கழற்ற வேண்டும். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலை மடக்கி, உதறி, பாதிப் பேர் கைவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு விரல் சிவந்துபோனது. ஆமையும் கடல்பசுவும் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுபவை, வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று அப்புறம் சொன்னேன். விரலைத் தடவிக்கொண்டே கேட்டார்கள். அந்த வருடத்தின் சிறந்த பாடம் இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அன்று பலகையில் கடல்பசு என்று எழுதியிருந்தேன். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் அதற்கான காப்பகமாக அரசு அறிவித்ததையும் எழுதியிருந்தேன். அந்தப் பையன் பக்கத்தில் இருந்தவனிடம் "ஆவுளியா" என்று முணுமுணுத்தான். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல டீச்சர்." கடல்பசுவுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர். அது எனக்குத் தெரிய நவம்பர் ஆகிவிட்டது.

செப்டம்பர்: ஆமைக் கூடு

கழிப்பறை கட்டி மிஞ்சிய மணல் குவியல் ஒன்று மைதான ஓரத்தில் கிடந்தது. அதில் ஒன்றரை அடிக்குக் குழி பறித்தோம். பிள்ளைகள் களிமண்ணில் 110 உருண்டை பிடித்து உள்ளே அடுக்கினார்கள். பங்குனி ஆமை ஒரு தடவைக்கு நூறு, நூற்றுச் சொச்சம் முட்டை இடும். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சு பொரிந்து, இரவில் மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெளிச்சமான பக்கம் கடல் என்று நினைத்து நகரும். தெருவிளக்கு எரிந்தால் ரோட்டுப் பக்கம் போய்விடும்.

இதை விளையாட்டாக ஆடினோம். மைதானத்தின் மறுமுனையில் நீலத் தார்ப்பாய் விரித்தோம், அதுதான் கடல். நாய், காக்கை, நண்டு, தெருவிளக்கு என்று சிலர் நடுவில் நின்றார்கள். வலை வீசும் மீனவர்களாக இரண்டு பேரை நான்தான் நிறுத்தினேன். தார்ப்பாய்க்குப் போய்ச் சேர்ந்தவை நான்கு உருண்டை. ஆறாவது படிக்கும் பெண் ஒருத்தி உண்மையிலேயே அழுதுவிட்டாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. பாடம் மனதில் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

அந்தச் சூட்டோடு சூடாக, "யாராவது கடல் ஆமையை நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்றேன்.

பையன் எழுந்தான். மூன்று மாதத்தில் அவனாக எழுந்தது அதுதான் முதல் தடவை. "வலைல ஏறும் டீச்சர். எங்கப்பா தூக்கி விட்டுருவாரு. அதுக்குக் கண்ணுலேருந்து தண்ணி வடியும்." கொஞ்சம் நிறுத்தி, எல்லாரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் சொல்ல ஆசைப்பட்டவன் போல, "அந்தக் காலத்துல கறி எடுப்பாங்களாம். எங்க தாத்தா சாப்பிட்டுருக்காராம்" என்றான்.

"ஐயே" என்று ஒரு சத்தம் எழுந்தது. அழுத பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "அது குற்றம். ஜெயில்ல போட்டுருவாங்க, தெரியுமா?" மணி அடித்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

சட்டப்படி நான் சொன்னது சரி. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் கடலில் உள்ள ஆமைகள் முதல் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அவன் முதலில் சொன்னது, அப்பா ஆமையைத் தூக்கிக் கடலில் விடுவார் என்பது. அது என் காதில் விழவே இல்லை. தாத்தா சாப்பிட்டதுதான் விழுந்தது.

பட்டப்பெயர்

திங்கட்கிழமையே அவன் "ஆமைக்கறி" ஆகிவிட்டான். எனக்குத் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று. முதலில் கவனித்தவர் எங்கள் சத்துணவு ஆயா. தட்டை எடுத்துக்கொண்டு தனியாகக் குழாயடியில் போய் உட்காருகிறான், இது நல்லா இல்லீங்க டீச்சர் என்று ஒரு தடவை சொன்னார். புது ஊர்ப் பையன், பழகிவிடுவான் என்று விட்டுவிட்டேன். அவன் பையில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் ஒரு ஆமையும் பக்கத்தில் ஒரு கத்தியும் வரைந்திருந்தார்கள். அதை அவன் எச்சில் தொட்டுத் தேய்த்து அழிக்கப் பார்த்ததில் பை முழுக்க நீலமாகியிருந்தது. அந்தப் பையைத் தினமும் பார்த்திருக்கிறேன். மை கொட்டிவிட்டது போல என்று நினைத்திருக்கிறேன்.

இரண்டு வெள்ளிக்கிழமை மன்றத்துக்கு வரவில்லை. அப்புறம் நான்கு நாள் பள்ளிக்கே வரவில்லை. தங்கைதான் சோறு வாங்கும்போது ஆயாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் அவன் அப்பா வந்தார். அரை ஷிப்டை விட்டுவிட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் பையன் குடும்பத்தையே ஜெயில்ல போடணும்னு சொன்னீங்களாமே டீச்சர்?"

அப்படிச் சொல்லவில்லை என்று ஆரம்பித்தேன். சொன்னதும் கிட்டத்தட்ட அதுதானே என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டேன். அவர் கத்தவில்லை. "ஆமை வலைல மாட்டுனா வலையை அறுத்து விட்டுருக்கேன். அந்த வலை என்னா விலைன்னு தெரியுமா உங்களுக்கு? அறுத்த அன்னிக்கு முதலாளி எனக்குப் பங்கு குடுக்கல. அது இவனுக்குத் தெரியும். அதத்தான் சொல்ல வந்துருப்பான்."

மன்னிப்புக் கேட்டேன். தேநீர் வரவழைத்தேன், ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தது. நாளைக்கு அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அனுப்பினார்.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

தலைமையாசிரியர் காலை வழிபாட்டில் எல்லார் முன்னாலும் கண்டிக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். அந்தப் பெயர் தெரியாத முந்நூறு பேருக்கும் நாமே ஒலிபெருக்கியில் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். கேலி செய்தவர்களைப் பிடித்து மன்னிப்புக் கேட்கச் சொல்வது இன்னொரு வழி. ஆனால் அவர்களைக் கிளப்பிவிட்டதே நான். கடலை விட்டுவிட்டு மரம் நடலாம் என்றும் ஒரு நாள் யோசித்தேன். அப்படி விட்டால், ஆமைக்கறியால்தான் கடல் பாடம் நின்றது என்று அதையும் அவன் தலையில் கட்டுவார்கள்.

இரண்டு நாள் தூக்கம் வராமல் யோசித்ததில் தெரிந்தது இதுதான். 24 பேர் உள்ள வகுப்பில் காட்டுயிரைத் தின்ற குடும்பம் அவனுடையது மட்டும்தான் என்பது போல நான் ஆக்கிவிட்டேன். அது உண்மையே இல்லை. எங்க அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, சோளக்காட்டில் கவுதாரிக்குக் கண்ணி வைப்பார். சின்ன வயதில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். கவுதாரியும் அதே 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவதுதான்.

ஆகவே மூன்று முடிவு. ஒன்று, பையனைப் பற்றி வகுப்பில் எதுவும் பேசுவதில்லை. இரண்டு, எல்லார் வீட்டுக் கதையையும் மேசைக்குக் கொண்டுவருவது, அதில் முதல் கதை என்னுடையது. மூன்று, கடலைப் பற்றி இனிப் பேசுவதாக இருந்தால் கடலில் இறங்கிய ஒருவரை அழைத்துப் பேச வைப்பது. அதைப் பையனிடம் கேட்காமல் அவன் வீட்டாரிடம் கேட்பது.

அக்டோபர்: சீட்டுகள்

அப்பாருவின் கண்ணியைப் பற்றி முதலில் சொன்னேன். குதிரைவால் மயிரில் சுருக்குப் போட்டு வைப்பார். விடியுமுன் போய்ப் பார்ப்பார். நான் கூடப் போவேன். பறவையின் கழுத்து எப்படித் திருகியிருக்கும் என்பதையும் சொன்னேன். வகுப்பு அசையவில்லை. டீச்சர் சாப்பிட்டீங்களா என்று ஒருத்தி கேட்டாள். சாப்பிட்டேன், ருசியாக இருந்தது என்றேன்.

"உங்க வீட்டுப் பெரியவங்க அந்தக் காலத்துல பிடிச்சதோ சாப்பிட்டதோ, இப்ப கூடாதுன்னு இருக்கிறது ஏதாவது உண்டான்னு கேட்டுட்டு வாங்க. சீட்டுல எழுதிப் போடுங்க. பேரு எழுதக் கூடாது." இதை எழுத்தில் வாங்குவது வம்பு என்று தலைமையாசிரியர் பயந்தார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அவரவர் தாத்தா, பாட்டி காலத்து விஷயம் மட்டும், வாசித்து முடித்ததும் சீட்டை எல்லார் கண் முன்னாலும் கிழித்துவிடுவது என்று ஒத்துக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியில் 22 சீட்டு விழுந்தது. எட்டில் "இல்லை" என்றிருந்தது. மற்றதில் கவுதாரிதான் அதிகம். காட்டுமுயல், உடும்பு, காடை. ஒன்றில் மயில் முட்டை, அடைப்புக்குறிக்குள் "ஒரு தடவைதான்". முதல் இரண்டு சீட்டுக்குச் சிரித்தார்கள். உடும்புக்கு வந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது. ஒரு சீட்டில் "ஆமை" என்றிருந்தது. மற்றதைப் போலவே வாசித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பையன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவன் சீட்டா, தங்கையுடையதா, தெரியாது.

அப்புறம்தான் சட்டத்தைப் பற்றிப் பேசினேன். முன்பு ஏராளமாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது, அதனால் கூடாது என்று வந்தது. தாத்தாமார் செய்த காலம் வேறு. இந்த இடத்தில் ஓர் எட்டாம் வகுப்புப் பையன், "எங்க அப்பாரு இன்னும்..." என்று ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் அவன் வாயைப் பொத்தினான். நானும் கேட்காததுபோல இருந்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இப்போதும் எனக்குள் வழக்கு நடக்கிறது.

நவம்பர்: அப்பத்தாவின் விரல்

அப்பத்தா கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுத்தவர் என்று பையனின் அப்பா சொல்லித்தான் தெரியும். பள்ளிக்கு வரச் சொன்னதற்கு இரண்டு தடவை மறுத்துவிட்டார். தீபாவளிக்குக் கம்பெனி அடைத்தபோது குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியவர், அவராகவே வருவதாகச் சொல்லி அனுப்பினார். மஞ்சள் பையில் நீச்சல் கண்ணாடி ஒன்று, காலில் கட்டிக்கொள்ளும் தகரத் தட்டு இரண்டு, ஒரு வலைப்பை.

முதலில் கிழித்துணி கேட்டார். திருப்பூரில் துணிக்குப் பஞ்சமா? நான்கு பேர் ஓடிப்போய்ப் பக்கத்துக் கம்பெனி வாசலில் இருந்து கட்டிங் வேஸ்ட்டை அள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பத்தா ஒவ்வொன்றாக எடுத்து விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார். பளபளப்பாக இருந்ததை ஒதுக்கினார். "இது வழுக்கும். இது நூலு, இதுதான் புடிக்கும்." பாலியஸ்டர் ஒரு பக்கம், காட்டன் ஒரு பக்கம் என்று ஒரு நிமிடத்தில் பிரித்துவிட்டார். செக்கிங் வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வீட்டில் அம்மா செய்யும் வேலை அது.

அப்புறம் துணியை வார் வாராகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றினார். நுனியிலிருந்து கீழ்நோக்கி, இறுக்கமாக, கடைசி முடிச்சைப் பல்லால் இழுத்து. பாறையில் முளைத்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடித்து இழுக்கும்போது விரல் கிழியாமலிருக்க. அந்த விரல்களை ஒவ்வொரு பிள்ளையும் தொட்டுப் பார்த்தது. நகம் ஓரமெல்லாம் தழும்பு. தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு நடக்க நான்கு பேர் முயன்று நான்கு பேரும் விழுந்தார்கள். தண்ணீருக்குள் இது துடுப்பு மாதிரி, தரையில் நடக்கவா கட்டினோம் என்று அப்பத்தா சிரித்தார். அந்தப் பாசியிலிருந்து, உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் அகர் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் நான் இடையில் சேர்த்தேன்.

ஒரு பெண் கேட்டாள்: "ஏனுங்க பாட்டி, ஆமை பார்த்திருக்கீங்களா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பாத்துருக்கேன் தாயி. பக்கத்துலயே மேயும். பேராமை பாசி திங்கும், நாம எடுக்குறதும் பாசிதான். அது ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம்." கறியைப் பற்றியும் அவரே சொன்னார். சின்னப் பிள்ளையில் சாப்பிட்டதாகவும், பின்னால் கூடாது என்று ஆனதும் விட்டுவிட்டதாகவும், சோறு தின்ற கதையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தகரத் தட்டைக் காட்டத் தொடங்கினார்.

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் 21 தீவுகள் இருக்கின்றன. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதை நான் பாதுகாப்பின் வெற்றிக் கதையாகச் சொல்லக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அப்பத்தா சொன்னது வேறு: "எங்க ஆத்தா காலத்துல தீவுல போயித் தங்கிப் பாசி எடுப்போம். இப்ப எறங்கக் கூடாது."

"அப்பக் கோவம் வராதுங்களா?"

"வரும். வயித்துக்கு என்னா பண்றது? ஆனா வேரோட புடுங்குனா அடுத்த வருசம் பாறை மொட்டையாப் போயிரும். அது எங்களுக்குத் தெரியாதா? அதான் மாசத்துல பன்னெண்டு நாளுதான் எறங்கணும்னு பொம்பளைங்களே கூடிப் பேசி வச்சுக்கிட்டோம்."

என் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015இல் சீகாலஜி என்ற தீவுப் பாதுகாப்பு அமைப்பின் விருது கிடைத்ததும், அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அதில் பேசப்பட்டதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பையன் அன்று பலகையில் எழுதும் வேலையைத் தானாக எடுத்துக்கொண்டான். அப்பத்தா சொல்லச் சொல்ல வடகடல், தென்கடல், வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று கடலின் பெயர்களையும் காற்றின் பெயர்களையும் எழுதினான். கடைசியில், யாரும் சொல்லாமலே, ஆவுளியா. பக்கத்தில் ஒரு படமும் வரைந்தான்.

டிசம்பர்: நம்ம ஊர்த் தண்ணீர்

ஒரு வாளியில் சிவப்புப் பாலியஸ்டர் சட்டை, இன்னொன்றில் நீலக் காட்டன் பனியன். கும்மித் துவைத்து, தண்ணீரை வெள்ளைக் கைக்குட்டையில் வடிகட்டி லென்ஸில் பார்த்தோம். இரண்டிலும் நூல் தூசு இருந்தது. நீலம் மண்ணில் மக்கிவிடும், சிவப்பு பிளாஸ்டிக் நூல், மக்காது. ஒருவன் கேட்டான்: "அப்ப எங்கப்பா கம்பெனியை மூடணுமுங்களா டீச்சர்?"

இந்த ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது பல வீடுகளில் வேலையில்லை. இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை, ஆனால் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆமைப் பாடத்தில் செய்த தப்பை மறுபடி செய்ய நான் தயாராக இல்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியதையும், இப்போது பட்டறைகள் தண்ணீரைச் சுத்தம் செய்து உப்பைப் பிரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருப்பதையும் சொன்னேன். இன்றைக்குப் பட்டறையில் என்ன நடக்கிறது என்று அப்பாவிடமே கேட்டு வா என்றேன். சிலர் கேட்டு வந்தார்கள். நான் சொன்னதைவிட அவர்கள் கொண்டுவந்தது விவரமாக இருந்தது.

மாதக் கடைசியில் நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். 2022இல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியல், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல். ஊசிவால் வாத்து பார்த்தோம். கரையில் நின்று, "இந்தத் தண்ணி நல்லாறு, நொய்யல், காவிரி வழியா உங்க ஊர்க் கடலுக்குத்தான் போகுது" என்று பையனிடம் சொன்னேன்.

"எங்க கடலுக்கு வராது டீச்சர். காவிரி வடக்க. எங்க பக்கம் வைகை, ஆத்தங்கரைல வந்து சேரும். அம்மா ஊரு அது." அவன் சொன்னது சரி. வரைபடத்தை விரித்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஆனா வாடைல வடக்கேருந்து குப்பை எறங்கி வரும்னு அப்பத்தா சொல்லும்" என்றான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கித்தான் போகும்.

பின்னால் நடந்தது

பட்டப்பெயர் பெரும்பாலும் ஓய்ந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. ஜனவரியில் கோ-கோ விளையாட்டில் "ஏய் ஆமைக்கறி, ஓடுறா" என்று ஒரு குரல் கேட்டது. அவன் ஓடினான், தொட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. பழகிவிட்டதா, விழுங்கிக்கொண்டானா, என்னால் சொல்ல முடியாது. குழாயடியை விட்டு எழுந்து வந்து மற்றவர்களோடு சாப்பிட்டான் என்பதை ஆயா சொன்னார்.

பிப்ரவரியில் என்ன நினைவிருக்கிறது என்று எழுதச் சொன்னேன். எல்லார் தாளிலும் எலாஸ்டிக்கும் விரலில் சுற்றிய துணியும் இருந்தன. மூழ்கிய முட்டையை அதிகம் பேர் எழுதியிருந்தார்கள், அதில் கொஞ்சம் அதிக சந்தோஷமும் தெரிந்தது. 448 சதுர கிலோமீட்டரை ஒருவரும் எழுதவில்லை. பள்ளி வாசலில் தின்பண்ட உறை விழுவது டிசம்பர், ஜனவரியில் நன்றாகக் குறைந்து, மார்ச்சில் பழையபடி ஆகிவிட்டது.

ஆண்டுத் தேர்வு முடிந்து குடும்பம் ஊருக்குப் போனது. ஜூன் நடுவில் 61 நாள் மீன்பிடித் தடை முடிந்ததும் அப்பா படகுக்குத் திரும்பிவிட்டார். இரண்டு பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மா மட்டும் வந்தார். அப்பத்தா தகரத் தட்டில் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அறிவியல் அலமாரியில் இருக்கிறது.

மறுபடி செய்தால்

"யார் பார்த்திருக்கிறீர்கள்" என்று வகுப்பு முழுவதையும் நோக்கிக் கேட்க மாட்டேன். வேறு ஊர்ப் பிள்ளையை அந்த ஊருக்கே சாட்சியாக நிறுத்தும் கேள்வி அது. வீட்டில் முதலில் போய்ப் பேசுவேன், பெரியவர்கள் வர ஒத்துக்கொண்டால் அவர்கள் வந்த பிறகே ஆமைப் பாடம். சட்டத்தைக் கடைசியில் வைப்பேன், அதுவும் கவுதாரியில் ஆரம்பித்து.

ஆமை விளையாட்டை விடமாட்டேன். ஆனால் மீனவர் என்று இரண்டு பேரை நாய், காக்கை வரிசையில் நிறுத்தியது என் கற்பனைக் குறைவு. அடுத்த தடவை வலையை அறுத்து விடுகிற ஆள் ஒருவர் அதில் இருப்பார். அறுத்த வலைக்கு என்ன விலை என்பதையும் பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள்.

முட்டையை அப்படியே விட்டுவிடுவேன். ஆசிரியை தோற்கும் பாடம் ஒன்று இருக்கட்டும். சத்துணவு ஆயா சொல்வதை அன்றே எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறேன்.

இந்த ஜூனில் ஆறாவதில் தூத்துக்குடிப் பக்கமிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். கடல் பாடம் செப்டம்பரில்தான் வரும். அவளிடம் நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.